பதினாலு ராத்திரிக்கு எத்தனை பகல்?

லீவு விண்ணப்பத்தில் 'பதினாலு நாள்' என்று எழுதிப் பார்த்தார். ஒரு யுகம் மாதிரி தெரிந்தது. அடித்தார். 'இரண்டு வாரம்' என்று எழுதினார். ஒரு வாரமே பெரிசு, அதில் இரண்டு! அதையும் அடித்தார். கசக்கிப் போட்ட காகிதங்கள் சமையலறை மேசை மேல் ஒரு குன்றாகக் குவிந்து, உப்பு ஜாடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"மலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, இங்கேயே ஒண்ணு கட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி.

அவர் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சர்வீஸ் இருபத்து மூன்று வருஷம். கல்யாணமாகியும் இருபத்து மூன்று வருஷம். இரண்டிலும் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை, மனைவியின் புகார். இந்த வருஷம் அவளே மலை மேல் ஒரு வீட்டை இரண்டு வாரத்துக்குப் பேசி வைத்துவிட்டாள். "என்னிக்கு வேணாலும் வாங்க, வீடு காலியாத்தான் இருக்கு" என்று வீட்டுச் சொந்தக்காரரும் சொல்லிவிட்டார். பெட்டியும் கட்டியாயிற்று. பாக்கி இருந்தது லீவு ஒன்றுதான்.

"மலை எங்கே போயிடப் போகுது? அங்கேயேதானே இருக்கும்?"

"மலை இருக்கும். என் முழங்கால் இருக்காது. இந்தத் தடவை நீங்க வரலேன்னா நான் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிடுவேன். திரும்பி வருவேனான்னு நீங்க மலையைத்தான் கேட்கணும்."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. ஸ்டோர் கீப்பர் இன்னொரு காகிதத்தை எடுத்தார். அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து எப்போதோ வந்த ஒரு கடிதமும் அதிலிருந்த ஒரு சொல்லும் நினைவுக்கு வந்தன. துள்ளி எழுந்தார்.

"ஃபோர்ட்நைட்! ஒரு ஃபோர்ட்நைட் லீவு வேணும்னு எழுதறேன். ரெண்டு வாரம்னு அர்த்தம். ஆனா கேட்கறப்ப ஒண்ணே ஒண்ணுதானே கேட்கறோம்? பதினாலு இல்ல, ரெண்டு இல்ல, ஒண்ணு!"

"ஒண்ணுன்னதும் ஒரு நாள் கொடுத்து அனுப்பிட்டா?"

"புது மேனேஜர் அம்மாவுக்கு இங்கிலீஷ்னா உயிர். விழுந்துடுவாங்க பாரேன்."

விழத்தான் விழுந்தார் அந்த அம்மாள். திங்கட்கிழமை காலை விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்தார்.

அவர் வந்ததிலிருந்து கம்பெனியில் ஒரு புது வழக்கம். தினமும் காலை ஒன்பதே காலுக்குக் கூடத்துப் பலகையில் யாராவது ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி, அதன் அர்த்தம் என்ன, எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று மூன்று நிமிஷம் பேச வேண்டும். சொல்லின் வேர் தெரிந்தால் ஆங்கிலம் தானாக வரும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலம் வரவில்லை. ஆனால் காலையில் மூன்று நிமிஷம் வேலை நிற்கிறதே என்று எல்லோரும் அந்த வழக்கத்தை மனதார நேசித்தார்கள்.

"ஃபோர்ட்நைட்! எவ்வளவு அழகான வார்த்தை! இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்," என்றது ஸ்டோர் கீப்பரின் வாய். மூளை இரண்டு தெரு தள்ளிப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது.

"அப்ப பலகையில சொல்லணும் நீங்க. சொல்லாமப் போகவே கூடாது!"

தொலைபேசி மணி அடித்தது. மேனேஜர் ஒரு கையால் அதை எடுத்தார், மறு கையால் பேனாவை எடுத்தார், கண்ணால் அவரை அனுப்பி வைத்தார்.

வெளியே வந்தவர் மனத்தில் ஒரே வரிதான் ஓடியது: சொல்லாமல் போகக் கூடாது. ஆக, சொன்னால்தான் லீவு. சுமாராகச் சொன்னால் சுமாரான லீவு. நன்றாகச் சொன்னால் முழு லீவு. அன்று சாயங்காலமே நூலகத்திலிருந்து ஓர் அகராதியை இரவல் வாங்கினார். பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் இரண்டு கையாலும் எடுத்துவர வேண்டிய கனம்.

செவ்வாய்க்கிழமை காலை, மலைக்கு என்று மடித்து வைத்த சட்டைகளில் மேலே இருந்ததை உருவி மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் வாட்ச்மேன் அவரைக் கண்டதும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். இருபத்து மூன்று வருஷத்தில் இல்லாத மரியாதை! பேசப் போகிற செய்தி வாசல்வரை பரவிவிட்டது என்று நினைத்து ஸ்டோர் கீப்பரின் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

உள்ளே நுழைந்ததும் அந்த மேனேஜர் அம்மாள், "அட! வந்துட்டீங்களா? உண்மையாவே வந்துட்டீங்களே!" என்று கை தட்டினார்.

பேச்சு பிரமாதமாக அமைந்தது. பழைய ஆங்கிலத்தில் 'பதினாலு ராத்திரி' என்று இரண்டு சொல் இருந்ததையும், அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தேய்ந்து தேய்ந்து ஃபோர்ட்நைட் ஆனதையும் சொன்னார். அந்தக் காலத்து ஜனங்கள் நாளைப் பகலால் எண்ணாமல் ராத்திரியால் எண்ணினார்கள் என்று சொன்னபோது கூடமே வாயைப் பிளந்தது. பசை காய்ச்சுகிறவர் அடுப்பை மறந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

பூதம் கண்ணாடி போட்டு, டைப்பிஸ்ட் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. "பதினாலு ராத்திரி சரி. அதுல பகல் எத்தனை?"

"பதினாலு."

"எப்படி? ராத்திரிக்கும் ராத்திரிக்கும் நடுவுலதானே பகல்? எண்ணிப் பாருங்க, பதிமூணுதான் வரும்."

"அப்ப முதல் ராத்திரிக்கு முன்னாடி இருந்த பகலை யாரு திருடிட்டுப் போனா?" என்றார் பசைக்காரர். "கடைசி ராத்திரி விடியவே விடியாதா? ரெண்டையும் சேருங்கம்மா. பதினஞ்சு!"

ஸ்டோர் கீப்பர் மேனேஜரைப் பார்த்தார். அந்த அம்மாளின் இடது புருவம் உயர்ந்திருந்தது. அந்தப் புருவத்தின் மேல் தன் மலை, வீடு, மனைவியின் முழங்கால் எல்லாம் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

"நாளைக்குமா!" மேனேஜர் சிரித்தார். "உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல!"

ஸ்டோருக்குப் போனால் அவர் நாற்காலியில் கணக்குப் பிரிவு நெட்டையன் உட்கார்ந்திருந்தான். சாவிக்கொத்து அவன் இடுப்பில்.

"மேடம்தான் அனுப்பினாங்க சார். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

ஆராய்ச்சிக்காக மேனேஜர் தன்னை வேலையிலிருந்து விடுவித்திருக்கிறார் என்று புரிந்துகொண்ட ஸ்டோர் கீப்பரின் மார்பு இன்னும் ஓர் அங்குலம் விரிந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் சணல் மூட்டை மேல் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு டீ வந்தது. அவர் பங்கு மட்டும் வரவில்லை. சிந்திக்கிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

லீவு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள லீவு கிளார்க்கின் மேசைக்குப் போனார். லீவு கிளார்க் லீவில் போயிருந்தார். மேசை இழுப்பறை பூட்டியிருந்தது, சாவி அவரோடு.

"எப்ப வருவார்?"

"பதினஞ்சு நாளாகும்," என்றாள் டைப்பிஸ்ட். "தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?"

புதன்கிழமை அவர் கண்ணால் காட்டிவிட முடிவு செய்தார். ஸ்டோரிலிருந்து பதினாலு பெட்டிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார். அவை ராத்திரி. காகிதம் ஒட்டாத பெட்டிகள் பகல். கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை ராத்திரி, பகல், ராத்திரி, பகல் என்று அடுக்கினார்.

"இந்த ஓரத்துச் சுவர்தான் பகல்," என்று டைப்பிஸ்ட்டைச் சமாளிக்கப் பார்த்தார்.

"சுவரு எப்படிங்க பகலாகும்?"

"அப்ப நான் இந்த ஓரத்துல ஒரு பெட்டி வைக்கிறேன்," என்று பசைக்காரர் ஒரு பகலைத் தூக்கி வந்தார். டைப்பிஸ்ட் அதை எட்டி உதைத்தாள். பகல் உருண்டது. மூன்று ராத்திரிகள் நசுங்கின. மேனேஜர் விசில் அடித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போயிருக்காது, கையைத் தட்டியிருப்பார்.

அன்று மத்தியானத்துக்குள் கம்பெனி இரண்டாகப் பிளந்தது. பதிமூன்று கட்சி, பதினைந்து கட்சி. சாப்பாட்டு மேசையில் அவர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். மாமனும் மருமகனுமாக ஒரே இயந்திரத்தில் பத்து வருஷம் வேலை பார்த்த இரண்டு பேர் ஒரே நாளில் பேச்சை நிறுத்தினார்கள். ஆணியைக் கொடு என்பதைக்கூட மூன்றாவது ஆள் வழியாகத்தான் கேட்டார்கள்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கூடத்தில் கிடந்த பெட்டிகளைப் பார்த்த லாரி டிரைவர், சோப்புக் கம்பெனிக்குப் போக வேண்டிய சரக்கு என்று நினைத்து, நசுங்காத ராத்திரிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை சோப்புக் கம்பெனிக்காரர் தொலைபேசியில் கத்தினார். வெள்ளை வெளேரென்று துவைக்கும் சோப்பை விற்கிறவருக்குக் கறுப்புப் பெட்டி பதினொன்று போய் இறங்கினால் கத்தாமல் என்ன செய்வார்?

ஸ்டோர் கீப்பர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"மேடம், தப்பு என்னோடதுதான்."

"உங்களை நான் எப்படிக் கேட்க முடியும்? ஸ்டோருக்குப் பொறுப்பு இப்ப அந்த நெட்டைப் பையன்தானே?"

ஸ்டோர் கீப்பர் வாசல்வரை பின்வாங்கினார். பொறுப்பு போய்விட்டதா! அப்படியானால் நாற்காலி, சாவி, டீ எல்லாம் போனது ஆராய்ச்சிக்காக இல்லையா! கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"மேடம்... அந்த லீவு..."

"லீவு!" மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "லீவுன்னா இப்படி இருக்கணும்! வீட்டுல அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தார் ஸ்டோர் கீப்பர். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் லீவு கேட்டதற்கு இவ்வளவு கிண்டலா! அதற்கப்புறம் லீவு என்ற சொல்லை மேனேஜர் முன்னால் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். வேலையைக் காப்பாற்ற வேண்டும். அதற்குச் சோப்புக்காரரைச் சமாதானப்படுத்த வேண்டும். உட்கார்ந்து, நல்ல ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். கறுப்புப் பெட்டிகளுக்குப் பதில் புதுப் பெட்டிகள் ஒரு ஃபோர்ட்நைட்டுக்குள் வந்து சேரும் என்று முடித்தார். லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார்.

மத்தியானமே பதில் வந்தது: "எந்த ஃபோர்ட்நைட்? உங்க டிரைவர் பதிமூணு நாள்னு சொல்றார். லோடு இறக்க வந்தவர் பதினஞ்சுன்னு சொல்றார். ரெண்டு பேரும் என் கம்பெனி வாசல்ல கட்டிப் புரள்றாங்க. முதல்ல வந்து பிரிச்சு விடுங்க."

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"ஏழு சட்டை வெச்சேன். நாலுதான் இருக்கு."

"ஆபீசுக்குப் போட்டுக்க ஒண்ணும் இல்ல..."

"நல்லா போட்டுக்குங்க. மலை உங்களை எங்கே பார்க்கப் போகுது? உங்க சட்டையாவது ஊர் சுத்தட்டும்."

"ரெண்டே நாள். ஒரு சந்தேகம் மட்டும் தீர்ந்துட்டா லீவு கையில."

"உங்க ஆபீஸ்ல சந்தேகம் தீர்ந்து நான் மலைக்குப் போறதுக்குள்ள, மலையே தேய்ஞ்சு என்னைப் பார்க்க வந்துடும்."

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பதினாலுதானே தகராறு? பாதியாக்கிவிட்டால்? அகராதியில் இன்னொரு சொல் கிடைத்திருந்தது. ஏழு ராத்திரிக்கு அந்தக் காலத்தில் 'செனைட்' என்று ஒரு பெயர் இருந்தது. ஃபோர்ட்நைட்டின் தம்பி. அண்ணன் பிழைத்துக்கொண்டான், தம்பி வழக்கொழிந்து போனான். இதைப் பலகையில் எழுதி, "இனிமே நாம இதை வெச்சு எண்ணுவோம், சண்டை வேண்டாம்," என்று கைகூப்பினார்.

இரண்டு கட்சியும் விரலை மடக்கி எண்ணின.

"ஏழு ராத்திரின்னா பகல் ஆறு," என்றாள் டைப்பிஸ்ட்.

"எட்டு!" என்றார் பசைக்காரர்.

"ஆறு!"

சனிக்கிழமைக்குள் கட்சி நாலாகிவிட்டது. பதிமூன்று, பதினைந்து, ஆறு, எட்டு. சாப்பாட்டு மேசைக்கு இரண்டு பக்கம்தான் என்பதால் ஆறும் எட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டன. பதினைந்திலிருந்து எட்டுக்குத் தாவிய ஒருவரை இரண்டு கட்சியும் நம்பவில்லை. அவர் கழிப்பறை வாசலில் தனியாகச் சாப்பிட்டார். அட்டை வெட்டும் இயந்திரத்தை யார் பக்கத்தில் நின்று ஓட்டுவது என்ற தகராறில் பெட்டிகள் கோணல்மாணலாக வெட்டுப்பட்டன. சோப்புக்காரருக்குப் போன புதுப் பெட்டிகளில் மூடியே இல்லை.

ஸ்டோர் கீப்பர் ஒன்றை அணைக்க ஊதினார், ஊதியதில் நாலு பற்றிக்கொண்டது. அடுத்த வாரம் முழுக்க இதே கதைதான். திங்கள், ராத்திரியை எண்ணுவதை விட்டுவிட்டு மணியை எண்ணலாம் என்றார். முதல் ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று ஐந்தாவது கட்சி முளைத்தது. புதன், வாக்கெடுப்பு வைத்தார். நெட்டையன் இரண்டு பக்கமும் கை தூக்கிவிட்டான். வெள்ளி, எல்லோருக்கும் தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுத் தெம்பாகச் சண்டை போட்டார்கள். தினமும் காலையில் வாட்ச்மேனின் சல்யூட் மட்டும் விறைப்பு கூடிக்கொண்டே போனது. தினமும் மேனேஜர் அம்மாள் அவரைக் கண்டதும், "இன்னிக்கும் வந்துட்டீங்களா!" என்று பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பு அவர் காதில் ஊசியாக இறங்கியது.

பெட்டியிலிருந்த ஏழு சட்டையும் தீர்ந்து, துவைத்து, மறுபடி அடுக்கி, மறுபடியும் தீரும் நிலைக்கு வந்திருந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மனைவி சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தங்கைக்குத் தொலைபேசி செய்து, "நாளன்னிக்குக் காலையில பஸ். ஸ்வெட்டர் எடுத்துக்கோ. மாமா வரலை," என்று மட்டும் சொன்னாள்.

வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். லீவோட வந்தா நீங்க. இல்லேன்னா அவ. இருபத்து மூணு வருஷமா ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து உங்களுக்கு எதையாவது காட்டணும்னு இருக்கேன். அவ்வளவுதான்."

ஸ்டோர் கீப்பர் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். காலையில், நேராகப் போய்ப் பலகையின் முன்னால் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. இன்னிக்கு இது முடிஞ்சாகணும். ஒரு நடுவரை வெச்சுப்போம். அவர் சொல்றதுதான் முடிவு. எந்தக் கட்சியும் மூச்சு விடக் கூடாது."

"நடுவர் யாரு?"

"நம்மள்ல யாரு ராத்திரியை எண்ணிப் பார்த்திருக்கோம்? படுத்தா விடியுது. இந்தக் கம்பெனியில ராத்திரியை ஒண்ணொண்ணா முழிச்சிருந்து எண்ணின ஆள் ஒருத்தர்தான்."

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஆனால் வாட்ச்மேன் காலையில் அத்தனை பேரும் உள்ளே வந்தபின் தூங்கப் போய்விடுவார், ஆறு மணிக்குத்தான் திரும்புவார். ஆக, தீர்ப்பு சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்று பகல் மட்டும் ஒரு ஃபோர்ட்நைட் நீளத்துக்கு இருந்தது.

ஆறு மணி. மேனேஜர் சோப்புக்காரரைச் சமாதானம் செய்யப் போயிருந்தார். பதிமூன்று கட்சி வாசலுக்கு இடப்பக்கம், பதினைந்து வலப்பக்கம், ஆறும் எட்டும் மதில் மேல், நேரக் கட்சி கடிகாரத்தடியில். நடுவில் ஸ்டூலில் வாட்ச்மேன். அவர் மடியில் பெரிய ஏடு ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனியில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் கிடையாது. மேனேஜர் கொடுக்கிற குறிப்பைப் பார்த்து, யார் வந்தார், யார் வரவில்லை என்று டிக் போடுவது வாட்ச்மேன்தான்.

ஸ்டோர் கீப்பர் குனிந்து வழக்கை எடுத்துச் சொன்னார். வேலை தொங்குவதையும் சொன்னார். காலையில் பஸ் கிளம்புவதையும் சொன்னார்.

வாட்ச்மேன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார்.

"என்னிக்கிலேர்ந்து சார் எண்ணணும்?"

"நான் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேனே, அந்தத் திங்கக்கிழமை ராத்திரியிலேர்ந்து."

வாட்ச்மேன் விரலை எச்சில் தொட்டு ஏட்டைப் புரட்டினார். ஸ்டோர் கீப்பரின் பெயருக்கு நேராக விரலை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்தினார். உதடு எண்ணிக்கொண்டே போனது. டைப்பிஸ்ட் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பசைக்காரர் தன் தலையில் தானே கையை வைத்துக்கொண்டார். விரல் நின்றது.

வாட்ச்மேன் எழுந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுச் சொன்னார்:

"பதிமூணோ பதினஞ்சோ எனக்குத் தெரியாது சார், ஆனா அந்தத் திங்கக்கிழமையே மேடம் கையெழுத்துப் போட்ட உங்க லீவு இன்னியோட முடியுது, நாளைக்காவது டூட்டிக்கு வந்துடுங்க!"